பெட்டிக்குள்ள பந்து, ஒப்புக்குச் சப்பாணி நான்

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு மக்களே. ஆராய்ச்சி, பகுதிநேர வேலை, சமையல்னு ஏகப்பட்ட ஆணி. ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயத்தை எழுதாம விட்டா மண்டை வெடிச்சிரும் போல இருக்கு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி. பதிவு நீளம்தான், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நான் இருக்கற ஊர் பேரு த பேசின். மெல்பர்ன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஆனா சிட்டிக்கு சுமார் 30 கிலோமீட்டர் கிழக்க, டாண்டனாங் மலை அடிவாரத்துல இருக்கு. கிண்ணம் மாதிரி குழிஞ்ச இடம், அதான் பேரும் அப்படி. பக்கத்து ரயில் நிலையம் பொரோனியா. ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்கற சின்ன அறையில குடியிருக்கேன். வாடகை கம்மி, குளிர் ஜாஸ்தி.

போன வாரம் ஹவுஸ் ஓனர் தாத்தா கராஜைக் காலி பண்ணினார். இந்த ஊர்ல 'ஹார்ட் ரப்பிஷ்'னு ஒண்ணு உண்டு. வீட்டுல வேண்டாத கட்டில், சோபா, பழைய டிவி எல்லாத்தையும் வாசல்ல வச்சா நகரசபை வண்டி வந்து அள்ளிட்டுப் போகும். (வண்டி வர்றதுக்கு முன்னாடி நம்ம மாணவர் சமுதாயம் வந்து அள்ளிட்டுப் போகும், அது வேற கதை. என் மேஜை, நாற்காலி, புத்தக அலமாரி மூணும் அப்படி வந்ததுதான் ஹி ஹி.) அட்டைப்பெட்டி தூக்க உதவிக்குப் போனேன். ஒரு பெட்டியில சாம்பல் நிறத்துல நிண்டெண்டோ. கூடவே ஏழெட்டு கேசட். கேட்ரிட்ஜ்னு சொல்லணும்தான். ஆனா நமக்கு அது எப்பவுமே கேசட்தானே!

ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டு வந்தேன். ஒண்ணுல 'இன்டர்நேஷனல் கிரிக்கெட்'னு எழுதியிருந்துச்சு.

அப்படியே நின்னுட்டேன். தாத்தா "என்னம்மா, பல்லியா?"ங்கற மாதிரி பாத்தார். பல்லி இல்ல தாத்தா. எட்டு வயசுல இருந்து நான் தேடினது.

*

கொசுவத்தியைச் சுத்திடறேன். விருதுநகர். 2003 கோடை லீவு. அப்பா மதுரை டவுன்ஹால் ரோட்டுல இருந்து டிவியில சொருகி ஆடற வீடியோ கேம் பெட்டி வாங்கிட்டு வந்தார். கேசட் மேல 9999999 ஆட்டம்னு போட்டிருந்துச்சு. அண்ணன் மூணு நாள் உக்காந்து எண்ணினான். மொத்தம் முப்பதோ என்னவோதான், அதே ஆட்டமே பேரு மாறி மாறித் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடறது, டாங்கி சண்டை. அப்புறம் பந்து ஆட்டங்கள்: டென்னிஸ், பின்பால், கால்ஃப், கால்பந்து, பேஸ்பால்.

கிரிக்கெட் மட்டும் இல்ல.

ஒரு கோடி ஆட்டம்னு சொல்லிட்டு கிரிக்கெட் இல்லன்னா என்ன அர்த்தம்? லிஸ்ட்ல கடைசி பக்கம் வரைக்கும் போய்த் தேடுவோம். பக்கத்து வீட்டுப் பையன் தன் மாமா வீட்டு கேசட்ல கிரிக்கெட் இருக்குன்னு அடிச்சு விட்டான். அந்த மாமாவை நாங்க கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல.

அதனால அண்ணன் ஒரு முடிவு எடுத்தான். பேஸ்பால்தான் கிரிக்கெட். வேலியைத் தாண்டினா ஆறு, வேலியில பட்டா நாலு. ஒரு மூலையில இருந்து அடுத்த மூலைக்கு ஓடினா ஒரு ரன். மூணு பந்தை விட்டா போல்ட். கோட்டுக்கு வெளிய போனா ட்ரையல் பால். அணிகளுக்குப் பேரு கிடையாது, ஆளுக்கொரு இங்கிலீஷ் எழுத்துதான். 'சி'ன்னா சென்னை, 'டி'ன்னா டெல்லி. சென்னை எப்பவும் அண்ணனுக்கு, டெல்லி எனக்கு. அதுல எல்லாம் அப்பீலே கிடையாது.

தெருவுல ஆடற கிரிக்கெட்ல நான் ஒப்புக்குச் சப்பாணி. பந்து சாக்கடைல விழுந்தா எடுக்கறது, மாடி வீட்டுல போனா பாட்டிகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வர்றது. இருட்டற நேரத்துல கடைசி ரெண்டு பந்து பேட்டிங் கிடைக்கும், அதுவும் அவுட் ஆனாலும் ஆகாட்டியும் கணக்கு கிடையாது. பன்னிரண்டு வயசுல அதுவும் நின்னு போச்சு. "இனிமே தெருவுல என்ன ஆட்டம்?"னு அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அப்புறம் எனக்குன்னு இருந்த ஒரே மைதானம் அந்த டிவிதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எந்தப் பந்து பெட்டிக்குள்ள இருக்கு, எது இல்லங்கறது எனக்குச் சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்ல. அந்தப் பெட்டிக்குள்ள பேஸ்பாலை வச்சது யாரு? கிரிக்கெட்டை விட்டது யாரு? கராஜ்ல அந்த கேசட்டைப் பாத்ததுல இருந்து ஒரு வாரமா இதைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன்.

*

வீடியோ கேமோட வரலாறே பந்துலதான் ஆரம்பிக்குது. 1958-ல அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துல வில்லியம் ஹிகின்பாதம்ங்கற இயற்பியல்காரர், பார்வையாளர் நாளுக்கு வர்றவங்களுக்குப் போரடிக்கக் கூடாதுன்னு ஆசிலாஸ்கோப் திரையில ஒரு டென்னிஸ் பண்ணி வச்சார். 1972-ல ரால்ஃப் பேர் உருவாக்கின மேக்னவாக்ஸ் ஒடிசி வீட்டுக்கு வந்துச்சு. அதே வருஷம் அட்டாரியோட பாங். எல்லாமே ஒரு புள்ளி, ரெண்டு கட்டை.

ஏன் பந்து? ஏன்னா அதை வரையறது சுலபம். பந்துக்கு முகம் வேண்டாம், கை கால் வேண்டாம். ஒரு சதுரப் புள்ளியை நகத்தி, பட்டதும் திருப்பி அனுப்பினா போதும், நம்ம மூளை அதைப் பந்துன்னு எடுத்துக்குது. இன்னொரு வசதி, புள்ளியைத் தொடாம விதியை மட்டும் மாத்தி வேற ஆட்டம் ஆக்கிடலாம். ரெண்டு பக்கமும் கட்டை இருந்தா டென்னிஸ். ஒரு பக்கம் சுவரு வச்சா ஸ்குவாஷ். சுவத்துல ஓட்டை விட்டா கால்பந்து. 1976-ல ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி ஏ.ஒய்-3-8500னு ஒரு சிப் போட்டாங்க. ஒரே சிப்புக்குள்ள ஆறு ஆட்டம், அதுல நாலு பந்து ஆட்டம். உலகம் பூரா கண்ட கண்ட கம்பெனியும் அதை வாங்கி ஒரு பெட்டிக்குள்ள வச்சு தன் பேரை ஒட்டி வித்தாங்க. பேரு மாறும், உள்ள இருக்கறது ஒண்ணுதான். எங்க 9999999 கேசட்டோட கொள்ளுத்தாத்தான்னு வச்சுக்குங்களேன்.

நிண்டெண்டோவும் அதே வழியிலதான் வந்தாங்க. 1977-ல மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கோட சேந்து 'கலர் டிவி-கேம் 6' வெளியிட்டாங்க. விலை 9,800 யென். ஆறு ஆட்டமும் அதே புள்ளியோட ஆறு அவதாரம்: டென்னிஸ், ஹாக்கி, வாலிபால் வகையறா. கூடவே 15 ஆட்டம் இருக்கற பெரியண்ணன் ஒண்ணு, 15,000 யென். 1980-ல குன்பெய் யோகோய் பண்ணின 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையோட முதல் ஆட்டத்துக்குப் பேரே 'பால்'தான். ஒரு ஆள் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், அவ்வளவுதான் கதை.

அப்புறம் 1983 ஜூலை 15. ஜப்பான்ல ஃபேமிகாம் வெளிவந்த நாள். மசாயுகி உவேமுரா தலைமையில வடிவமைச்ச பெட்டி, விலை 14,800 யென். அந்த வருஷ டிசம்பர்ல பேஸ்பால், 1984 ஜனவரியில டென்னிஸ், பிப்ரவரியில பின்பால், மே மாசம் கால்ஃப், 1985-ல கால்பந்து. எங்க கேசட்ல இருந்த பந்து வரிசை அப்படியே இதுதான்! நான் ஏதோ சீனாக்காரன் இஷ்டத்துக்குப் பொறுக்கிப் போட்டதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது உண்மையில நிண்டெண்டோவோட முதல் ரெண்டு வருஷப் பட்டியல்.

பேஸ்பால் முன்னாடி வந்ததுக்குக் காரணம் கேக்கவே வேண்டாம். 1872 வாக்குல டோக்கியோவுல ஹோரஸ் வில்சன்னு ஒரு அமெரிக்க வாத்தியார் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்டம் அது. நூறு வருஷத்துல ஜப்பானோட சொந்த ஆட்டமாவே ஆயிடுச்சு. ஃபேமிகாம் பேஸ்பால் ஜப்பான்ல மட்டும் 20 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அணிகளோட எழுத்துகூட சும்மா போட்டது இல்ல. எங்க 'சி' சென்னை இல்லையாம், ஹிரோஷிமா கார்ப். 'டி' டெல்லி இல்லையாம், சுனிச்சி டிராகன்ஸ். அவ்வ்வ்வ்.

பின்பாலுக்கும் கால்ஃபுக்கும் நிரல் எழுதினவர் யாரு தெரியுமா? சதோரு இவாட்டா. அப்போ ஹெச்.ஏ.எல் லேபரட்டரியில வேலை பாத்த இளைஞர், பின்னாடி நிண்டெண்டோவுக்கே தலைவர் ஆனவர். 18 குழியையும் அந்தத் துக்கிணியூண்டு கேசட்டுக்குள்ள அடைச்சவர். அவர் 2015 ஜூலை 11-ல இறந்தார். 2017-ல வந்த ஸ்விட்ச் கன்சோலுக்குள்ள அந்த கால்ஃபை யாருக்கும் சொல்லாம ஒளிச்சு வச்சிருந்தாங்க. ஜூலை 11 அன்னிக்கு, அவர் மேடையில வழக்கமா செய்யற மாதிரி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டினா ஆட்டம் திறக்கும். பின்னாடி வந்த அப்டேட்ல அதை எடுத்துட்டாங்க. இதைப் படிச்சப்போ, நாங்க போரடிக்குதுன்னு தொடாமலே விட்ட கால்ஃப் மேல திடீர்னு மரியாதை வந்துருச்சு.

*

இப்போ நியாயமான கேள்வி. பேஸ்பால் பண்ணினவனுக்கு கிரிக்கெட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தப் பெட்டியோட வேலை நினைவகம் 2 கிலோபைட். யூனிகோட்ல ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகுது, அதனால இந்தப் பதிவோட முதல் ரெண்டு மூணு பத்தி எழுதறதுக்குள்ள அது நிறைஞ்சிடும். திரையில அசையற உருவங்களை 8 புள்ளிக்கு 8 புள்ளி சதுரத் துண்டா வச்சுக் கட்டலாம். மொத்தம் 64 துண்டுதான் அனுமதி. ஒரு ஆளை வரைய அகலத்துக்கு 2, உயரத்துக்கு 3ன்னு 6 துண்டு வச்சா, 11 பேருக்கு 66. பந்து வரதுக்கு முன்னாடியே ரேஷன் காலி! அதுவும் போக, ஒரே கிடைக்கோட்டுல 8 துண்டுக்கு மேல காட்டாது. அப்படின்னா பக்கத்துல பக்கத்துல 4 பேர் நிக்கலாம், அஞ்சாவது ஆள் மாயம். அதனால எல்லாரையும் மாத்தி மாத்திக் காட்டுவாங்க, ஆளுங்க மினுக் மினுக்னு மின்னுவாங்க. எங்க வீட்டுல டிவி ஆன்டெனா சரியில்லன்னு அண்ணன் மொட்டை மாடிக்கு ஏறினது இதுக்குத்தான்.

பேஸ்பால்ல களத்துல 9 பேர். அவங்களே தானா ஓடிப் போய்ப் பந்தை எடுப்பாங்க, நம்ம கையில இருக்கறது எறியறது மட்டும்தான். கிரிக்கெட்னா 11 பேர், ரெண்டு பேட்ஸ்மேன், சுத்தி 360 டிகிரியும் அடிக்கலாம், எல்.பி.டபிள்யூ வேற. கஷ்டம்தான். ஆனா முடியாதது இல்ல. முடியும்னு காட்டினவங்க நான் இருக்கற இதே மெல்பர்ன்காரங்க.

1980-ல ஆல்ஃப்ரெட் மில்க்ரோம், நவோமி பெசன் ரெண்டு பேரும் மெல்பர்ன்ல ஆரம்பிச்ச கம்பெனி பீம் சாஃப்ட்வேர். மெல்பர்ன் ஹவுஸ்ங்கற பேரும் அவங்களோடதுதான். 1982-ல 'த ஹாபிட்', 1985-ல 'த வே ஆஃப் த எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட்'னு உலகம் பூரா வித்த ஆட்டங்கள். அப்புறம் நிண்டெண்டோ பெட்டிக்கும் எழுத ஆரம்பிச்சாங்க. ஜப்பான் பெட்டி, அமெரிக்கச் சந்தை, ஹாலிவுட் பட ஆட்டம்னு நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல 1991-ல 'ஆஸி ரூல்ஸ் ஃபுட்டி', 1992-ல 'இன்டர்நேஷனல் கிரிக்கெட்'. லேசர் பீம்னு சொந்தப் பேருலயே வெளியிட்டாங்க. ரெண்டும் அமெரிக்காவுலயும் விக்காது, ஜப்பான்லயும் விக்காது. ஆஸ்திரேலியாவுல விக்கறதுக்குன்னே பண்ணினது. அப்போ இந்த நாட்டு ஜனத்தொகை ஒண்ணே முக்கால் கோடிதான். நம்ம தமிழ்நாட்டுல அன்னிக்கே அஞ்சரைக் கோடிக்கு மேல.

அவ்வளவு சின்ன சந்தைக்கு ஏன் மெனக்கெட்டாங்க? இந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சா புரியும். மெல்பர்ன்ல பந்து மதம் மாதிரி. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்துல உடம்பு கெடாம இருக்க ஒரு ஆட்டம் வேணும்னு 1858 ஜூலைல டாம் வில்ஸ்ங்கற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859 மே மாசம் விதிகளை எழுதி வச்சாங்க. அதுதான் இன்னிக்கு இவங்க உயிரை விடற ஃபுட்டி. (அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த மண்ணோட பூர்வகுடிகள் பாசம்ங்கற விலங்கோட தோல்ல பந்து செஞ்சு மார்ன்க்ரூக்னு ஒரு ஆட்டம் ஆடியிருக்காங்க. ஃபுட்டி அதுல இருந்து வந்துச்சா இல்லையான்னு இன்னும் சண்டை ஓடுது.) 1877-ல உலகத்தோட முதல் டெஸ்ட் மேட்ச் நடந்தது இங்க எம்.சி.ஜி.லதான். 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில இம்ரான் கான் கோப்பையைத் தூக்கினதும் அதே எம்.சி.ஜி.லதான். அந்த வருஷம்தான் இந்த கேசட்டும்.

ஆக, பெட்டி ஜப்பானோடது, பந்து எங்களோடதா இருக்கட்டும்னு நெனச்சிருக்காங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. உலகத்துல கிரிக்கெட்டுக்கு அதிகமா உயிரை விடற ஊர்ல நாங்க பேஸ்பாலைப் பாத்து "சிக்ஸர்"னு கத்திக்கிட்டு இருந்தோம். அதே பெட்டிக்கான கிரிக்கெட் பதினோரு வருஷம் முன்னாடியே வந்து, இங்க ஒரு கராஜ்ல தூசி தின்னுக்கிட்டு இருந்திருக்கு.

*

நம்ம ஊருக்கு ஏன் வரல? நிண்டெண்டோ தானே நேரடியா வந்து நம்ம ஊர்ல கடை விரிக்கல. நமக்கு வந்தது சாமுராய், மீடியான்னு ஃபேமிகாம் வழி வந்த பெட்டிகளும், பின்னாடி பேரே இல்லாத நகல்களும். உள்ள திறந்து பாத்தீங்கன்னா ஒரு பச்சை அட்டை, நடுவுல கறுப்பா தார் ஊத்தின மாதிரி ஒரு சொட்டு. மொத்த ஃபேமிகாமும் அந்தச் சொட்டுக்குள்ள அடக்கம்.

நகல் எடுத்தவங்க ஜப்பான் பெட்டியோட அச்சை வச்சு எடுத்தாங்க. அதனால கேசட் சொருகற இடத்துல 60 முள். ஆஸ்திரேலியாவுல வித்த சாம்பல் பெட்டிக்கு 72 முள். ரெண்டு ஊர் டிவியும் ஒரே பால் முறை, நொடிக்கு 50 துடிப்பு. ரெண்டு ஊருக்கும் ஒரே கிரிக்கெட். ஆனா 12 முள் வித்தியாசத்துல மெல்பர்ன் கேசட் விருதுநகர் பெட்டியில நுழையாது. நடுவுல ஒரு அடாப்டர் இருந்தா ஆடும்தான். எங்களுக்கு அடாப்டர்ங்கற வார்த்தையே தெரியாது. நகல் கேசட் போட்டவங்களும் ஜப்பான் கேசட்டுகள்ல இருந்துதான் பெரும்பாலும் எடுத்தாங்க. அதனாலதான் டவுன்ஹால் ரோடு வரைக்கும் ஹிரோஷிமா அணி வந்துச்சு, எம்.சி.ஜி. வரல.

ரெண்டாவது ரிமோட் கதையும் இப்பத்தான் விளங்குச்சு. எங்க பெட்டியில முதல் ரிமோட்ல ஸ்டார்ட் பட்டன் இருக்கும், ரெண்டாவதுல கிடையாது. அண்ணன் ஏதோ எனக்குன்னே உடைஞ்ச ரிமோட்டா குடுக்கறான்னு நெனச்சு அழுதிருக்கேன். அசல் ஃபேமிகாம்லயே அப்படித்தானாம். ஆட்டத்தை ஆரம்பிக்கறதும் நிறுத்தறதும் முதல் ஆள் கையில மட்டும். பதிலுக்கு ரெண்டாவது ரிமோட்ல ஒரு மைக் வச்சிருந்தாங்க. அதாவது நீ ஆரம்பிக்க முடியாது, கத்திக்கலாம். வீட்டுல தங்கச்சிகளோட நிலைமையை இதை விடத் துல்லியமா யாரும் வடிவமைக்க முடியாது :-)

*

அன்னிக்கு சாயங்காலம் தாத்தாவும் நானும் அதை ஒரு பழைய டிவியில மாட்டினோம். கேசட்டை எடுத்ததும் தாத்தா முதல் வேலையா உள்ள 'உஃப்'னு ஊதினார். சிரிச்சுட்டேன். விருதுநகர்ல இருந்து த பேசின் வரைக்கும் அந்த ஊதல் மட்டும் ஒரே மாதிரி!

அவர் ஆஸ்திரேலியா. எழுபது வயசுக்கு மேல ஆனாலும் மனுஷன் கைய வச்சா விடமாட்டேங்கறார், மகனோட ஆடி ஆடிப் பழக்கமாம். ஆளுங்க மின்னினாங்க, பந்து எங்க போச்சுன்னு தெரியல, நான் அடிக்கறதுக்குள்ள ஸ்டம்ப் போயிடுச்சு. உண்மையைச் சொன்னா ரொம்பப் பிரமாதமான ஆட்டம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல ஸ்டம்ப் இருந்துச்சு மக்களே. ஓவர் இருந்துச்சு. மூணு பந்தை விட்டா போல்ட்னு யாரும் புதுசா விதி எழுத வேண்டியிருக்கல.

அந்த பீம் சாஃப்ட்வேர் இன்னிக்கு இல்ல. 1999-ல இன்ஃபோக்ராம்ஸ் வாங்கினாங்க, 2006-ல க்ரோம் ஸ்டுடியோஸுக்குக் கைமாறுச்சு, 2010-ல மூடியாச்சு. ஆனா மெல்பர்ன் கிரிக்கெட் ஆட்டத்தை விடல. 2001-ல இதே ஊர்ல ஆரம்பிச்ச பிக் ஆண்ட் ஸ்டுடியோஸ் 2014-ல டான் பிராட்மேன் கிரிக்கெட்ல தொடங்கி வரிசையா பண்ணிக்கிட்டு இருக்காங்க. நாமதான் காலேஜ்ல 'கிரிக்கெட் 07'-ஐ லேப் கம்ப்யூட்டர்ல ஒளிச்சு வச்சு ஆடினோம். அதைப் பண்ணினது யாருன்னு தேடினா கனடாவுல ஹெச்.பி. ஸ்டுடியோஸ். கனடா!

2017-ல பிக் ஆண்ட் வெளியிட்ட 'ஆஷஸ் கிரிக்கெட்'ல பெண்கள் அணிகளும் முறைப்படி உண்டு. இந்த வரியைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பெண்களோட உலகக் கோப்பை நடந்தது 1973-ல, ஆண்களோடதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே. பெட்டிக்குள்ள அவங்க நுழைய இவ்வளவு வருஷம். 2020 மார்ச் 8 அன்னிக்கு எம்.சி.ஜி.ல இந்தியா - ஆஸ்திரேலியா பெண்கள் இறுதிப் போட்டிக்கு 86,174 பேர் வந்தாங்க. நாம தோத்துட்டோம், அது பரவாயில்ல. அத்தனை பேருக்கு முன்னாடி ஆடினவங்கள்ல எத்தனை பேர் எந்தத் தெருவுல ஒப்புக்குச் சப்பாணியா இருந்தாங்களோ.

இன்னொரு விஷயமும் உறுத்துது. சிட்டியில ஃபெடரேஷன் சதுக்கத்துல ஏ.சி.எம்.ஐ.ன்னு அசையும் படங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கு. சினிமாவோட சேத்து வீடியோ கேமையும் சேமிக்கறாங்க. 1990கள்ல இந்த நாட்டுல பண்ணின ஆட்டங்களைப் பாதுகாக்க ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தோட சேந்து ஒரு திட்டமே நடத்தியிருக்காங்க. அதாவது தாத்தா கராஜ்ல குப்பைக்குப் போக இருந்தது, அங்க வரலாறு. நம்ம பெட்டிகளுக்கு என்ன ஆச்சு? எங்க பெட்டி பழைய இரும்புக்காரர்கிட்ட ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குப் போச்சு. அது போனாலும் பரவாயில்ல, அசல் எங்கயாவது இருக்கும். ஆனா பேஸ்பாலை கிரிக்கெட்டா மாத்தின எங்க விதிகள் எந்தச் சிப்லயும் கிடையாது. அது ரெண்டு பேர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு.

*

அந்த ரெண்டாவது தலைக்கு அன்னிக்கு ராத்திரி போன் போட்டேன். இங்க ஒன்பது மணி, அங்க சாயங்காலம். அண்ணன் செல்போன் கடையில உக்காந்திருந்தான். ஒண்ணும் சொல்லாம கேமராவைத் திருப்பி டிவியைக் காட்டினேன்.

"ஏ பிள்ள, கிரிக்கெட்டா? நம்ம பெட்டியிலயா?"

"நம்ம பெட்டிதான்ணே. 1992-லயே வந்திருக்கு. இங்கதான் பண்ணியிருக்காங்க."

கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். கஸ்டமர் யாரோ கூப்பிட்டதுக்கு "இருண்ணே"ன்னான். நான் பொலம்ப ஆரம்பிச்சேன். இது மட்டும் அன்னிக்கு நம்மகிட்ட இருந்திருந்தா, அந்தக் கருமம் பிடிச்ச பேஸ்பாலை அத்தனை வருஷம்...

"இருந்திருந்தா நீ எங்க ஆடியிருப்ப?"ன்னான்.

"என்ன?"

"கிரிக்கெட்னா தெருப் பயலுக பூரா வீட்டுக்குள்ள வந்திருப்பானுக. உன்னைத் தண்ணி கொண்டான்னு அனுப்பியிருப்போம். பேஸ்பாலு எவனுக்கும் தெரியாது, அதான் எவனும் வரல. நீயும் நானும்தான் ஆடினோம். சொல்லப்போனா நீதான் ஜெயிச்ச."

எனக்குப் பதில் வரல. நெசமாவே நான்தான் ஜெயிச்சிருக்கேன். டெல்லியை வச்சுக்கிட்டு, ஸ்டார்ட் பட்டன் இல்லாத ரிமோட்டை வச்சுக்கிட்டு. ஒரு வாரமா யாரு எங்க கிரிக்கெட்டை எங்களுக்குத் தராம விட்டாங்கன்னு கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தேன். சொந்தக்காரங்க யாரும் இல்லாத பந்துன்னாலதான் அது என் கைக்கு வந்துச்சுங்கறது எனக்குத் தோணவே இல்ல.

"அந்த மூணு பந்து விட்டா போல்ட் விதி, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு பந்து. உனக்குத்தான் மூணு"ன்னான். அப்புறம் கஸ்டமரைப் பாக்கப் போயிட்டான்.

இருபது வருஷமா எனக்கு இது தெரியாது மக்களே.

தாத்தா அந்தப் பெட்டியை வாசல்ல வைக்கல. எனக்கே குடுத்துட்டார். 60 முள் பெட்டியில 72 முள் கேசட் ஆட ஒரு அடாப்டர் ஆர்டர் பண்ணியிருக்கேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போகணும். பழைய பெட்டி ஒண்ணு எங்கயாவது தேடிப் பிடிக்கச் சொல்லியிருக்கேன் அண்ணன்கிட்ட. முதல் ரிமோட் இந்தத் தடவை எனக்குன்னு முன்கூட்டியே எழுதி வாங்கியாச்சு.

பி.கு: உங்க வீட்டுல பேஸ்பாலை எப்படி ஆடினீங்க? கிரிக்கெட்டாவா, கில்லியாவா, வேற எதாவாவா? உங்க வீட்டு விதி என்ன? பின்னூட்டத்துல எழுதிட்டுப் போங்க, இல்ல தனிப் பதிவாவே போடுங்க. எந்த அருங்காட்சியகமும் இதை வந்து கேக்கப் போறதில்ல. நாமளே எழுதி வச்சாத்தான் உண்டு. முக்கியமா, ரெண்டாவது ரிமோட் கோஷ்டி, நீங்க கண்டிப்பா எழுதணும்.